தண்ணீரில் இறங்கும் கால்களுக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது காலணியைப் பற்றி. ஓய்வு நாளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கால்வாயிலும் ஆற்றிலும் இறங்குகிறோமே, அப்போது போடுகிற ரப்பர் பூட்ஸைப் பற்றி. "இதற்கு ஒரு பேச்சா? கடைக்குப் போனோம், எண்ணைச் சொன்னோம், வாங்கினோம், அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி வாங்கிய பூட்ஸ்தான் மூன்றாவது மாதமே மடிப்பில் வெடித்து வாசற்படி ஓரமாகக் கிடக்கிறது. காசு போனதோடு நின்றால் பரவாயில்லை. பொருந்தாத பூட்ஸ் குதிகாலைக் கடிக்கிறது. கடித்த இடம் புண்ணாகிறது. அந்தப் புண்ணோடு அடுத்த வாரமும் சேற்றில் இறங்குகிறோம். காலை இழந்தவர் எவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். "முதலில் சின்னக் கொப்புளந்தான்" என்று அவர் சொல்லக்கூடும்.

புக்கிட் தெங்கா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து வருகிற சிற்றாறுகள் ஒன்றுசேர்ந்து ஜூரு ஆறாகி, கோலா ஜூருவில் கடலோடு கலக்கின்றன. வடக்கே பிறை ஆறு. தெற்கே பத்து கவான் பக்கத்துச் சதுப்புக் கரை. 1840களில் இந்தச் செபராங் பிறைப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது நம்மவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். தாழ்ந்த நிலம், வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால்தான் பயிர் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடம் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. ஆனாலும் கால்வாய்கள் இருக்கின்றன, அவற்றில் விராலும் கெளுத்தியும் திலாப்பியாவும் இருக்கின்றன, கரையில் தூண்டிலோடு நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பூட்ஸின் கதையும் நம் கதையோடு சேர்ந்ததுதான். மரத்துப் பால் வெறுமனே உறைந்தால் வெயிலுக்கு இளகும், குளிருக்கு விறைக்கும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் உறுதியும் துவளும் தன்மையும் வரும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்து, 1844இல் உரிமை பதிவு செய்தார். 1853இல் ஹிராம் ஹட்சின்சன் பிரான்சில் ஒரு தொழிற்சாலை வைத்து உழவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். ஈர வயலில் மரக்கட்டைச் செருப்போடு நின்ற உழவனுக்கு அது பெரிய வரம். பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு உலகத்தின் கால்களுக்கெல்லாம் நம் மலாயாத் தோட்டத்துப் பால் பூட்ஸாகிப் போயிற்று. அந்தப் பாலை எடுத்த நம் பாட்டனும் பாட்டியும் மட்டும் வெறுங்காலோடு நிரைக்குப் போனார்கள்! வெறுங்காலின் தோல் வழியாகவே கொக்கிப்புழு உடம்பில் ஏறி, இரத்தத்தைக் குடித்து, ஆளைச் சோகையாக்கியது. பழைய காலத் தோட்ட மருத்துவமனைகளில் அது பெரிய நோயாக இருந்தது. ஆகையால் பூட்ஸ் வாங்குவதை ஆடம்பரம் என்று எவராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, கடைக்குப் போவோம். போகும் முன் ஒரு கேள்வி: நீங்கள் நிற்கப் போவது எந்தத் தண்ணீரில்? கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துக் கால்வாய், வயல் ஓரம், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் உள்ள ஓடை, இவற்றுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் போதும். அடியில் உடைந்த போத்தலோ ஆணியோ பழைய தகரமோ இருக்கலாம். ஆகையால் அடிப்பாகம் தடிப்பாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே போட்ட கை அந்த அழுத்தத்தை எளிதில் உணர்ந்தால் அது மெல்லிய அடி. கீழே உள்ள பற்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்கட்டும். நெருக்கமான சின்னப் பற்களில் களிமண் அடைத்துக்கொண்டால் அடி வழுவழுவென்று ஆகிவிடும். அதன் பிறகு வரப்பில் சறுக்கி விழுவதுதான் மிச்சம்.

கடலோரச் சேறு வேறு சங்கதி. கோலா ஜூரு, பத்து கவான் பக்கம் கண்டல் மரங்கள் நிற்கிற கரையில், முழங்கால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தச் சேறு காலை வாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கும்போது பூட்ஸின் அடியில் காற்றுப் புக வழியில்லாமல் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். தொளதொளப்பான பூட்ஸ் என்றால் கால் மட்டும் மேலே வரும், பூட்ஸ் சேற்றுக்குள்ளேயே தங்கிவிடும். இறுக்கமான பூட்ஸ் என்றால் காலும் வராது. கடல் பெருகுகிற நேரத்தில் அப்படி மாட்டிக்கொள்வது விளையாட்டு அல்ல. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும். காலை இழுக்க இழுக்க இன்னும் ஆழம் போகும். நேராக மேலே இழுக்காதீர்கள். தடியை ஊன்றி, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, குதிகாலை இடமும் வலமும் ஆட்டினால் பக்கத்தில் நீரும் காற்றும் இறங்கிப் பிடி தளரும். அப்போதும் வரவில்லையா? பூட்ஸ் போகட்டும், காலை உருவிக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரி இடத்துக்கு நம் பால்வெட்டுக்காரர்களின் கறுப்பு ரப்பர் சப்பாத்தே மேல். முழுவதும் ஒரே வார்ப்பில் செய்து, அடியில் குமிழ் குமிழாகப் பற்கள் வைத்திருப்பார்களே, அதுதான். கம்போங் அடிடாஸ் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, இப்போது மலையேறுகிற இளைஞர்கள்கூட அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். விலை குறைவு, காலோடு ஒட்டி நிற்கும், தண்ணீர் புகுந்தாலும் உடனே கொட்டிவிடலாம். தடித்த நீளக் காலுறையோடு போட வேண்டும். இல்லாவிட்டால் கண்டல் வேர்முளைகளும் அவற்றில் ஒட்டிய சிப்பியும் கணுக்காலைக் கீறிவிடும். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: மலாய்க்காரர்கள் செம்பிலாங் என்று சொல்கிற கடல் கெளுத்தியின் முள்ளை எந்த ரப்பரும் உறுதியாகத் தடுக்காது. அது குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி நேரமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் வலி அடங்கும். நீரின் சூட்டை மட்டும் இன்னொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். குத்து வாங்கிய காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு கட்டாயம் மருந்தகத்துக்குப் போக வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்.

நெஞ்சு வரை ஏறுகிற நீர்க்கால்சட்டைகளும் கடைகளில் தொங்குகின்றன. அவை குளிர்நாட்டு ஆறுகளில் நிற்பவர்களுக்காக வந்தவை. நம் வெயிலில் அதைப் போட்டு ஒரு மணி நேரம் நின்றால் வெளியே நனையாத உடம்பு உள்ளே வேர்வையில் நனைந்துவிடும். வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் கம்பள அடி வைத்த பூட்ஸைப் புகழ்ந்து எழுதுவார்கள். பாசி படிந்த பாறைக்கு அது நல்ல பிடி. நம் சேற்றுக்குப் பயன் இல்லை. நியூசிலாந்தில் அந்தக் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றுப் பாசி இடம்விட்டு இடம் பரவுகிறது என்று 2008இல் அதைத் தடையே செய்துவிட்டார்கள்.

இனி அளவு. இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் ஏமாந்து போகிறோம். காலையில் இருக்கிற கால் மாலையில் இருப்பதில்லை. நாள் முழுவதும் நின்றால் சற்று வீங்கும். ஆகவே பூட்ஸை மாலையில் வாங்குங்கள். போடப்போகிற தடித்த காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குப் பொருந்துவதே உங்கள் எண். நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் கொஞ்சம் எழும்பினால் குற்றமில்லை. உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் வேண்டாம். மேல் விளிம்புக்கும் ஆடுதசைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பிறகு வெட்கப்படாமல் கடையிலேயே குந்தி உட்கார்ந்து பாருங்கள். தூண்டிலுக்குப் புழு மாட்டவும் மீனைக் கழற்றவும் எத்தனை முறை குந்துகிறோம்! அப்போது விளிம்பு முழங்காலின் பின்புறத்தை வெட்டினால் அந்தப் பூட்ஸ் ஒரு நாள் முழுக்க உங்களுக்குச் சுகம் தராது. கடைசியாக, ஒரு காலால் மற்றக் குதிகாலை மிதித்துக் கை படாமல் பூட்ஸைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் கழன்றுவிட வேண்டும். நீரில் விழுந்தால் இதுதான் உயிர்காக்கும். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் அது கல்லாகக் கீழே இழுத்துவிடும் என்று சொல்வார்கள். உண்மையில் நீருக்குள் இருக்கிற நீருக்குப் பாரம் தெரியாது. ஆனால் காலை உதைத்து நீந்த முடியாது. கரையேறும்போது அந்தத் தண்ணீரின் பாரமெல்லாம் ஒன்றாகத் தெரியும். பதறாமல் பூட்ஸைக் கழற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரருக்கோ அப்பாவுக்கோ நீங்கள் போய் வாங்குவதாக இருந்தால், அவரை மாலையில் காலுறையோடு தடித்த தாளின் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பூட்ஸுக்குள் விட்டுப் பார்த்தால், மடங்காமல் சுருங்காமல் அடியில் படிய வேண்டும். பிள்ளைகளுக்கு "வளர்கிற கால்தானே" என்று இரண்டு எண் பெரிதாக வாங்குவது வேண்டாம். தொளதொளத்த பூட்ஸோடு பிள்ளை கால்வாய்க் கரையில் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்?

எந்தப் பொருளில் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடையில் ரப்பர் பூட்ஸ் என்று தருவதில் பெரும்பாதி ரப்பரே அல்ல, பிவிசி பிளாஸ்டிக். அதை ஒரே அச்சில் ஊற்றி எடுப்பதால் தையலோ ஒட்டோ இருக்காது, விலையும் மலிவு. எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் கெடாது, ஆகையால் செம்பனைக் காட்டு வேலைக்கு ஏற்றது. ஆனால் விறைப்பானது, கணுக்கால் மடிகிற இடத்தில் நாளடைவில் வெடிக்கும், ஈரப் பலகையிலும் கல்லிலும் பிடிப்புக் குறைவு. இயற்கை ரப்பர் துவண்டு கொடுக்கும், காலோடு சேர்ந்து நடக்கும், பிடிப்பும் நல்லது. அதற்கு எதிரி வெயிலும் எண்ணெயும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் எது பட்டாலும் ஊறி உப்பிப் போகும். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அது பூட்ஸுக்கு நஞ்சு. கையில் எடுத்து மேல் விளிம்பை இரண்டாக மடக்கிப் பாருங்கள். நல்ல ரப்பர் என்றால் விட்டவுடன் எழுந்து நிற்கும், மடித்த இடத்தில் வெடிப்புக் கோடு தெரியாது. உள்ளே கையை விட்டு, அடியும் மேலும் சேரும் இடத்தைத் தடவுங்கள். உங்கள் விரலில் உறுத்துகிற மேடு, பத்து நிமிட நடையில் கால்விரலில் கொப்புளமாகிவிடும்.

இனிப்பு நீர் உள்ளவர்களிடம் இந்த இடத்தில் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இந்த நோய் இருந்தது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 18 பேர்தான். இந்த நோய் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடும். பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது. ஆணி ஏறினாலும் தெரியாது. மாலையில் காலுறை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். ஆகவே போடும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டு முழுதும் தடவிப் பாருங்கள். தேளும் பூரானும் இருண்ட பூட்ஸை விரும்பும் என்பதால் இந்தப் பழக்கம் எல்லாருக்கும் நல்லதுதான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கையும் துடைத்து, அடிப்பாதத்தை மனைவியோ பிள்ளையோ பார்க்கட்டும். காலில் புண் இருக்கிற வாரம் தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வாழ்கிறது. அந்தப் பெயரையே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள் சூட்டினார்கள். தோலில் உள்ள கீறல் வழியாக அது நுழையும். இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கும். மற்றொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வருவது. 2010இல் பகாங் மாநிலத்தின் லூபோக் யூவில், நீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேடி இறங்கியவர்களில் பலர் இந்த இரு நோய்களால் காய்ச்சல் கண்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் எலிக்காய்ச்சல் மலேசியாவில் கட்டாயமாகச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோயாயிற்று. பூட்ஸ் இவற்றைப் பெருமளவு தடுக்கும். மேல் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் தடுக்காது. மீன் பிடித்து வந்த சில நாட்களிலோ, சில வாரங்களிலோ காய்ச்சல், ஆடுதசை வலி, கண் சிவப்பு கண்டால் மருந்தகத்தில் "நான் தண்ணீரில் இறங்கினேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தெளிப்பு வேலைக்குப் போட்ட பூட்ஸை ஒருபோதும் தூண்டிலுக்குப் போடாதீர்கள். களைக்கொல்லி உள்துணியில் ஊறியிருக்கும். அது உங்கள் ஈரக் காலிலும் படும், நீங்கள் சாப்பிடப்போகிற மீன் வாழும் தண்ணீரிலும் கரையும். பாராகுவாட் என்ற கடும் நஞ்சு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. வேலைக்கு ஒரு சோடி, வீட்டுக்கு ஒரு சோடி என்றால் செலவு அதிகம் என்பீர்கள். தெளிப்பு வேலைக்கான பாதுகாப்புக் காலணியை முதலாளிதான் கொடுக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது. இதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

ஜூரு ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் 1970களில் கோலா ஜூரு மீனவர்கள் பிழைப்பை இழந்து, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு முறையிட்டது பலருக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைக் குழாய் விழுகிற இடத்துக்குக் கீழே எந்தப் பூட்ஸ் போட்டும் நிற்காதீர்கள், அங்கே பிடித்த மீனைச் சமைக்கவும் வேண்டாம். கறுத்து நாறுகிற நீரில் மீன் துள்ளினாலும் அதே சொல்தான்.

பராமரிப்பு எளிது. கடல் நீரில் நின்ற பூட்ஸை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரண்டு குச்சி நட்டு, நிழலில் தலைகீழாக மாட்டிவிடுங்கள். தகரக் கூரை மேலும் அடுப்பு ஓரத்திலும் வைக்காதீர்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாள் மாற்றுங்கள். ஒழுகுகிறதா என்று சந்தேகம் வந்தால் உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுங்கள். உண்மையான ரப்பராக இருந்தால் சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசையும் துண்டுமே போதும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பசை தடவி, அது சற்று உலர்ந்ததும் அழுத்தி ஒட்டி, ஓர் இரவு பாரம் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூட்ஸில் அந்தப் பசை பிடிக்காது. அதற்கென்று தனிப் பசை வன்பொருள் கடையில் கிடைக்கும். கணுக்கால் மடிப்பில் விழுந்த வெடிப்பை மட்டும் ஒட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாலு தடவை நடந்தால் மறுபடி திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட பூட்ஸின் மேல்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, கீழ்ப்பாகத்தைக் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்ளலாம்.